கைவிளக்கேந்திய காரிகையின் கணக்கேடு

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் மனக்கண்முன் தோன்றும் காட்சி எது? நள்ளிரவு; நீண்ட மருத்துவமனைக் கூடம்; இருபுறமும் காயமுற்ற போர்வீரர்கள்; நடுவே கையில் விளக்குடன் மெல்ல நடந்து வரும் ஒரு மாதரசி. பள்ளிப் பாடநூல்களில் நாம் அனைவரும் கண்ட காட்சிதான் இது. இதைப் பொய் என்று கூறமுடியாது; அவர் விளக்கேந்திச் சென்றது உண்மையே. ஆனால் அந்த விளக்கைக் காட்டிலும் மிகுதியான உயிர்களைக் காத்த வேறொரு பொருளும் அவர் கையில் இருந்தது. அவருடைய கணக்கேட்டைத்தான் சொல்கிறேன்.

இந்த அம்மையாரின் நீண்ட வாழ்வில் பணியேற்ற முதல் பத்தாண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். 1853-இல் ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஏற்றது முதல் 1863-இல் இந்தியாவைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது வரையுள்ள காலம் அது. ஒரு மருத்துவமனையை எப்படி நடத்துவது, நோயைப் பற்றிய உண்மையை ஆட்சியாளர் மனத்தில் எப்படிப் பதிய வைப்பது என்ற இரண்டையும் அவர் அந்தப் பத்தாண்டில்தான் கற்றார். முதலாவதைவிட இரண்டாவது பன்மடங்கு கடினமாக இருந்தது.

பிளாரன்ஸ் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரையே பெற்றோர் குழந்தைக்குச் சூட்டினர். செல்வம் மிகுந்த ஆங்கிலேயக் குடும்பம். தந்தையே ஆசிரியராக இருந்து கிரேக்கமும் இலத்தீனும் வரலாறும் கற்பித்தார். மகளுக்கோ கணக்கின்மீது தணியாத ஆர்வம். செவிலியாகப் பணியாற்ற விரும்புவதாக அவர் கூறியபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அக்காலத்தில் அத்தொழில் வேறு பிழைப்பற்றவர்கள் செய்வது என்றே கருதப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தன. அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டார் விழிக்குமுன் எழுந்து, அரசாங்கம் வெளியிட்ட சுகாதார அறிக்கைகளையும் பல நாட்டு மருத்துவமனைகளின் விவரங்களையும் படித்துக் குறிப்பெடுத்து வந்தார். 1851-இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853 ஆகஸ்டில், தம் 33-ஆம் வயதில், இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற எளிய பெண்களுக்கான இல்லமொன்றின் மேற்பார்வையாளரானார். ஊதியம் கிடையாது.

அங்கே அவர் கேட்ட முதல் வசதிகளைப் பாருங்கள். ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியே வெந்நீர் வரவேண்டும். சமையலறையிலிருந்து உணவை மேலே தூக்கிச் செல்ல ஓர் ஏற்றப் பொறி வேண்டும். நோயாளி மணியை அழுத்தினால் எந்த அறையிலிருந்து ஒலித்தது என்பதைக் காட்டும் அமைப்பு வேண்டும். இவை இல்லாவிட்டால் செவிலியின் நாள் முழுதும் படியேறி இறங்குவதிலேயே கழிந்துவிடும் என்பது அவர் வாதம். ஒரு வாளி நீரை மூன்று மாடி தூக்குவதற்கு எவ்வளவு வேலை செய்யப்படுகிறது என்று நீங்கள் பௌதிக வகுப்பில் கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்த வேலையை ஒரு நாளில் ஐம்பது முறை ஒரு பெண் செய்ய நேர்ந்தால் நோயாளியைக் கவனிக்க அவளிடம் என்ன மிச்சமிருக்கும்? நல்ல நிர்வாகம் என்பது பல வேளைகளில் இத்தகைய சின்னஞ்சிறு கணக்குகளில்தான் இருக்கிறது.

இல்லத்தை நடத்திய குழுவினரைச் சமாளிப்பதையும் அவர் அங்கேதான் கற்றார். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களை மட்டுமே அனுமதிப்பது என்று குழு எண்ணியது. எல்லாச் சமயத்தினரையும் அனுமதித்தாலன்றிப் பொறுப்பேற்கமாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றார். மற்ற செய்திகளில் வேறு வழியைக் கையாண்டார். தம் எண்ணத்தைக் குழுவில் நேரே சொல்லமாட்டார். அதை நிறைவேற்றக்கூடிய உறுப்பினர் எவரோ அவரிடம் தனியே சொல்வார், அவர் அதைத் தம் சொந்த யோசனைபோலக் கூட்டத்தில் முன்வைப்பார், தீர்மானம் நிறைவேறும். இதைத் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் அவரே சற்றுக் குறும்போடு ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தக் கலை பின்னாளில் அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைக் காண்போம்.

ஸ்குட்டாரி

1854-இல் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் நின்று ருஷ்யாவை எதிர்த்தன. போர்க்களம் கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியா. காயமுற்றவர்களையும் நோயாளிகளையும் கப்பலேற்றி, கருங்கடலைக் கடந்து, ஸ்குட்டாரி என்னும் இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரைப் பகுதி அது. துருக்கியரின் பெரிய படைவீடு ஒன்று அங்கே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. அங்குள்ள சீர்கேட்டை ‘டைம்ஸ்’ நாளிதழ் வெளியிட்டதும் நாடே கொதித்தது. போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட், அம்மையாரின் நண்பர். அவர் அழைப்பை ஏற்று 38 பெண்களுடன் புறப்பட்ட நைட்டிங்கேல், 1854 நவம்பர் 4-ஆம் நாள் ஸ்குட்டாரியை அடைந்தார்.

அவர் அங்கு செய்த தொண்டைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அதை மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. சலவைக்கூடம் அமைத்தார், சமையலைச் சீராக்கினார், பாழடைந்த கூடங்களைச் செப்பனிடச் செய்தார். ஆனால் அவரை வாட்டியது பொருள் இல்லாமை மட்டுமன்று; பொருள் இருந்தும் கிடைக்காமை. ஒரு முறை 27,000 சட்டைகள் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கின. வீரர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆயினும் அதற்கென ஒரு குழு கூடிப் பார்வையிடாமல் மூட்டையைப் பிரிக்கலாகாது என்று கிடங்கு அதிகாரி மறுத்துவிட்டார். விதி அப்படி! அலுவலகங்களில் கால்கடுக்க நின்ற எவருக்கும் இந்த அதிகாரியை அடையாளம் தெரியும்.

அதைவிடக் கொடியது இன்னொன்று. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கே அங்கு ஒழுங்கான விடை இல்லை. இறப்பைக் குறிக்கும் பதிவுகள் மூன்று வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டன. மூன்றும் மூன்று தொகையைக் காட்டின. பதிவேறாமலே புதைக்கப்பட்டவர்களும் உண்டு. பௌதிகச் செய்முறைத் தேர்வில் ஒரே நீளத்தை மூன்று மாணவர்கள் அளந்து மூன்று விடை எழுதினால் கருவியைச் சோதிக்கச் சொல்கிறோம். இங்கே அளக்கப்பட்டவை மனித உயிர்கள். கணக்கே தவறாக இருக்கும்போது எந்த நோய் எங்கே ஏன் கொல்கிறது என்பதை யார் கண்டறிய முடியும்?

1855 பிப்ரவரியில் ஸ்குட்டாரியில் மருத்துவம் பெற்றோரில் நூற்றுக்கு 42.7 பேர் மாண்டனர். அம்மையார் வந்து மூன்று மாதம் கடந்த பின்னும் நிலைமை இது என்பதைக் கவனியுங்கள். அன்பான கவனிப்பும் சுத்தமான துணியும் நல்ல உணவும் மட்டும் போதவில்லை.

மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. ஜான் சதர்லாந்து என்னும் மருத்துவரும் ராபர்ட் ராலின்சன் என்னும் பொறியாளரும் அதில் முக்கியமானவர்கள். கட்டடத்தின் அடியில் கழிவு தேங்கி, அதன் நச்சு நாற்றம் கூடங்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நீர் வரும் கால்வாயைத் திறந்து பார்த்தபோது, செத்து அழுகிய குதிரை ஒன்றின்மீது பாய்ந்தே குடிநீர் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. சாக்கடைகளைக் கழுவிவிட்டார்கள், வண்டி வண்டியாகக் குப்பையை அகற்றினார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஜூன் மாதம் இறப்பு நூற்றுக்கு 2.2 ஆகக் குறைந்தது.

எண்கள் சொன்ன செய்தி

போர் முடிந்து 1856-இல் அம்மையார் நாடு திரும்பினார். மக்கள் அவரைத் தெய்வமாகப் போற்றினர். அவர் ஊர்வலங்களையும் விருந்துகளையும் தவிர்த்துவிட்டு, வில்லியம் ஃபார் என்பவரைத் தேடிக்கொண்டார். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுத்துறையில் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் அவர். இருவரும் சேர்ந்து போர்க்காலப் பதிவுகளை மாதவாரியாகப் பிரித்தார்கள்.

1855 சனவரி மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கிழக்கே இருந்த பிரிட்டிஷ் படையின் எண்ணிக்கை 32,393. அம்மாதத்தில் காயங்களால் இறந்தோர் 83 பேர். வேறு காரணங்களால் 324 பேர். வயிற்றுப்போக்கு, வாந்திபேதி, காய்ச்சல் முதலிய தடுக்கக்கூடிய நோய்களால் 2,761 பேர்! அதாவது எதிரியின் குண்டுக்கு ஒருவன் இறந்தபோது நோய்க்கு 33 பேர் இறந்தனர். நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல் மறைந்துகொண்டிருந்தனர்.

இதை ஆண்டு வீதமாக மாற்றினால், நோயால் ஆயிரவருக்கு 1,023 என்று வருகிறது. ஆயிரம் பேரில் ஆயிரத்து இருபத்து மூவர் எப்படி இறக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்து செல்கிறது என்றால் அது ஒரு மணி நேரம் ஓடியே தீரவேண்டும் என்பதில்லையல்லவா? அந்த வேகம் நீடித்தால் ஒரு மணியில் 60 கிலோமீட்டர் கடக்கும் என்பதே பொருள். அதுபோல, அந்தச் சனவரியின் வேகம் நீடித்திருந்தால், புதிய வீரர்கள் வந்து சேராவிட்டால், ஓராண்டு முடியுமுன் முழுப் படையையும் நோய் ஒன்றே துடைத்திருக்கும். ருஷ்யருக்கு வேலையே இருந்திராது.

இங்கே ஒரு வேதனையான உண்மை வெளிப்பட்டது. போர்க்களத்துக்கு அருகிலிருந்த எளிய மருத்துவமனைகளைக் காட்டிலும் ஸ்குட்டாரியில் இறப்பு மிகுதி. போர்க்காலத்தில் அம்மையார், வீரர்கள் பட்டினியாலும் குளிராலும் குற்றுயிராக வந்து சேர்வதே சாவுக்குப் பெருங்காரணம் என்று கருதியிருந்தார். தம் விளக்கொளி பட்ட கட்டடமே கொலைக்களமாக இருந்திருக்கிறது என்பதைத் தம் கையால் எழுதிய அட்டவணைகளில் அவர் கண்டார். இக்கண்டுபிடிப்பு அவரை எந்த அளவு மாற்றியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய பிற்கால உழைப்பு முழுதும் இதிலிருந்து பிறந்ததே என்று 1998-இல் ஹியூ ஸ்மால் எழுதிய நூல் வாதிக்கிறது. அம்மையாரின் எழுத்துகளைத் தொகுத்த லின் மக்டொனால்டு இதை ஏற்கவில்லை. என்னைக் கவர்வது வேறு செய்தி. தம்மைப் போற்றிய நாட்டின் முன், தாம் பணியாற்றிய மருத்துவமனையின் சாவுக்கணக்கை அவர் மறைக்காமல் அச்சிட்டார். அவர் நினைத்திருந்தால் அந்தப் பக்கத்தை எளிதில் விட்டுவிட்டிருக்கலாம்.

படத்தின் பரப்பு

எண்கள் தயார். யார் படிப்பார்கள்? புள்ளிவிவரம் எவ்வளவு வறட்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது ஃபாரின் கட்சி. அம்மையார் ஒப்பவில்லை. அமைச்சர்களும் தளபதிகளும் அட்டவணையைப் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்பதை அவர் அறிவார். காதுக்கு எட்டாததைக் கண்ணுக்குக் காட்டத் துணிந்தார். 1858-இல் வெளிவந்த அவருடைய வண்ணப் படம் அப்படிப் பிறந்தது.

ஒரு வட்டத்தை ஆண்டின் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 30 பாகைக் கோணம். கோணம் மாறாது, இறப்புக்கேற்ப ஆரம் கூடும் அல்லது குறையும். நோய்க்கு நீல நிறம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. வலப்பக்கம் 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச்சு வரை. இடப்பக்கம் அடுத்த ஆண்டு. வலப்பக்கத்தில் நீல இதழ்கள் விரிந்து தாளையே நிறைக்கின்றன. நடுவில் சிவப்பு சிறு துளிபோல ஒடுங்கிக் கிடக்கிறது. இடப்பக்கத்திலோ நீலம் மாதந்தோறும் சுருங்கிச் சுருங்கி மையத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

இதில் பௌதிக மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மின்தடைச் சோதனையில் கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும் என்று படிக்கிறோம். இந்தப் படத்திலும் அதே கதைதான். நோய் காயத்தைப்போல் 33 மடங்கு என்பதற்காக ஆரத்தையும் 33 மடங்கு நீட்டினால் கண்ணுக்குத் தெரியும் பரப்பு 1,089 மடங்காகப் போய்விடும். அது பொய். அம்மையார் முதலில் வெளியிட்ட ஒரு படத்தில் இக்குறை இருந்தது. அதை உணர்ந்ததும் திருத்தச் சீட்டு ஒன்றைச் சேர்த்தார். பின்னர் பரப்பே எண்ணிக்கையைக் காட்டுமாறு புதிதாக வரைந்தார். எண்ணின் வர்க்கமூலத்தை ஆரமாகக் கொள்ளவேண்டும். 33 மடங்குக்கு ஏறத்தாழ 5.7 மடங்கு ஆரம் போதும். மிகைப்படுத்தினால் தம் வழக்குக்கே வலுச்சேரும் என்ற நிலையிலும் அவர் மிகையை வெட்டி எறிந்தார். இன்றைய செய்தித்தாள்களில் வரும் வரைபடங்களை ஒரு அளவுகோலுடன் அணுகிப் பாருங்கள்; இந்த நேர்மை எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

எனினும் அவர் படத்தையும் நாம் கேள்வி கேட்டே ஆகவேண்டும். சுகாதாரக் குழு வந்தது மார்ச்சில். ஆனால் நோயால் இறந்தவர் தொகை சனவரியில் 2,761 ஆக இருந்து பிப்ரவரியிலேயே 2,120 ஆகக் குறைந்துவிட்டது. குளிர்காலம் கழிந்தது, உணவும் உடையும் வந்து சேர்ந்தது, நெரிசல் தணிந்தது ஆகியவையும் காரணங்களே. சாக்கடையைக் கழுவியதால்தான் எல்லாம் நேர்ந்தது என்று கூறமுடியுமா?

அடுத்த குளிர்காலத்தைப் பாருங்கள். 1856 சனவரியில் படையின் எண்ணிக்கை 44,212. நோயால் இறந்தோர் 42 பேர் மட்டுமே. பருவம் அதே பருவம். சண்டை ஓய்ந்திருந்ததும் உணவு போதிய அளவு கிடைத்ததும் உண்மைதான். ஆனால் அதே குளிர்காலத்தில், அதே நிலத்தில், பக்கத்தில் பாசறை அமைத்திருந்த பிரெஞ்சுப் படையினர் டைஃபஸ் காய்ச்சலுக்கு ஆயிரக்கணக்கில் பலியாயினர். முதற் குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையைவிட நன்றாகச் சமாளித்தவர்கள் அவர்கள்! சோதனைச்சாலையில் ஒன்றை மாற்றி மற்றொன்றை மாற்றாமல் வைத்து ஒப்பிடுகிறோமே, அதற்கு நெருங்கிய ஒப்பீட்டை வரலாறே இங்கு நடத்திக் காட்டியது.

இன்னொரு வியப்பு. அப்போது நோய்க்கிருமிக் கொள்கை நிலைபெறவில்லை. வாந்திபேதிக் கிருமியைக் கோக் கண்டறிந்து அறிவித்தது 1880-களில்தான். நாற்றமடிக்கும் தீய காற்றே நோயைத் தருகிறது என்பதுதான் அம்மையாரின் நம்பிக்கை. கொள்கை தவறு; ஆனால் கழிவை அகற்று, நீரைக் காப்பாற்று, நெரிசலைக் குறை என்ற செயல் சரி. எண்ணி அளந்தது அவரைச் சரியான இடத்துக்கு இட்டுச் சென்றது.

படம் மட்டும் வேலை செய்துவிடாது. அது சேரவேண்டிய கைகளில் சேரவேண்டும். பெண் என்பதால் 1857-இல் அமைந்த அரச ஆணைக்குழுவில் அவருக்கு இடமில்லை. தலைவர் சிட்னி ஹெர்பர்ட். ஹார்லி தெருவில் கற்ற கலை இங்கே கைகொடுத்தது. கேள்விகளும் விவரங்களும் அம்மையாரின் அறையிலிருந்து சென்றன. ஹெர்பர்ட்டின் வாயிலாக அவை ஒலித்தன. கிரிமியாவில் பற்றிய காய்ச்சல் அவர் உடலைக் குலைத்துவிட்டிருந்தது. 1857-க்குப் பின் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே எழுதினார். எண்ணூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையைச் சொந்தமாக அச்சிட்டார். படங்கள் அடங்கிய சிறு பிரசுரத்தைப் பாராளுமன்ற உறுப்பினர், மருத்துவர், படைத்தலைவர், பத்திரிகையாளர் என்று பெயர்ப்பட்டியல் போட்டு அனுப்பினார். அரசியாருக்கும் ஒரு படி சென்றது. படம் இருப்பதால் ஒருவேளை பார்ப்பார் என்று ஹெர்பர்ட்டுக்கு எழுதினார். 1858-இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

போர் முடிந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்டவர்களுக்கு அவர் வைத்த கணக்கு இன்னும் கூர்மையானது. அமைதிக் காலத்தில், இங்கிலாந்துப் படைவீடுகளில், 25 முதல் 30 வயது வரையுள்ள வீரர்களில் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 18.3 பேர் இறந்தனர். அதே வயதுடைய மற்ற ஆண்களில் 9.2. உடல்வலுப் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்ட இளைஞர்கள் மற்றவரைப்போல் இருமடங்கு சாகிறார்கள்! ஆண்டுக்கு 1,100 பேரைச் சாலிஸ்பரி வெளியில் நிறுத்திச் சுட்டுக்கொல்வதற்கு இது சமம் என்று அவர் எழுதினார். படைவீடுகளில் காற்றோட்டமும் வடிகாலும் சீர்செய்யப்பட்டன. படைக்கெனத் தனி மருத்துவப் புள்ளிவிவரத் துறை அமைந்தது. சில ஆண்டுகளிலேயே உள்நாட்டுப் படையின் இறப்பு ஏறத்தாழப் பாதியாயிற்று.

அடுத்து அவர் பார்வை இந்தியாவின்மீது விழுந்தது. இங்கிருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு ஆயிரவருக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர். 1859-இல் இன்னொரு அரச ஆணைக்குழு அமைந்தது. அம்மையார் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. எனவே வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து ஒவ்வொரு படைத்தளத்துக்கும் அனுப்பச் செய்தார். சென்னை மாகாணத் தளங்களும் இதில் அடங்கும். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஒரு வீரனுக்கு எத்தனை கன அடி இடம் என்பன போன்ற கேள்விகள். கட்டுக்கட்டாக வந்த விடைகள் அவர் வீட்டை நிறைத்தன. படைவீட்டைமட்டும் சுத்தம் செய்வதில் பயனில்லை, சூழ்ந்திருக்கும் ஊரும் சுத்தமானால்தான் நோய் ஓயும் என்பதை அவ்விடைகளிலிருந்தே அவர் உணர்ந்தார். 1864-இல் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணைக்குழுக்கள் ஏற்பட்டன. 1873-இல் அவர் மீண்டும் கணக்கெடுத்தபோது 69 என்பது 18 ஆகியிருந்தது. வீரர்களின் கணக்குத்தான் இது. ஊர்மக்களின் இறப்பைச் சரியாக எண்ணுவதற்கே இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1863-இல் வெளிவந்த அந்த அறிக்கைக்கு அம்மையார் எழுதிய குறிப்புரையில் மரச்செதுக்குப் படங்கள் பல இடம்பெற்றன. தோற்பையில் நீர் சுமக்கும் இந்தியத் தொழிலாளியும் அவற்றில் ஒருவர். அரசாங்க அறிக்கையில் படம் எதற்கு, செலவு கூடும் என்று கருவூலத்தார் தடை சொன்னார்கள். அந்தச் செலவைத் தாமே தருவதாக அம்மையார் சொல்லி, படங்களை அச்சேற்றினார்.